எறும்பு ஏறாத குப்பை

அந்த நிறுவனத்தில் யாரும் எதற்கும் 'முடியாது' என்று சொல்வதில்லை. அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்ததே அதனால்தான்.

பார்க்க வேண்டுமா, பாருங்கள். கேட்க வேண்டுமா, கேளுங்கள். போகும்போது ஒரு மரக்கன்று வாங்கிக்கொண்டு போங்கள். இப்படி நான்காவது முறையாக அந்த வரவேற்பறை நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள் அண்ணி. காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டியவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைக்க ஆரம்பித்தவள். கதவைச் சாத்துகிறவனிடம் உண்மையைக் கறக்க அவளுக்குத் தெரியும். வாசல், ஜன்னல், கொல்லை எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுச் சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

எதிர்ச்சுவர் முழுக்கச் செடி வளர்த்திருந்தார்கள். நடுவில் கொட்டை எழுத்தில், 'நீங்கள் வீசியதை நாங்கள் உடுத்துகிறோம்'. கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஓட்டப் பந்தயப் பனியன். காலித் தண்ணீர் பாட்டில்களைத் தூளாக்கி, உருக்கி, நூலாக இழுத்து நெய்தது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. இந்த வருஷக் கடைசிக்குள் தங்கள் விளையாட்டு உடுப்புகள் மொத்தமும் குப்பையிலிருந்துதான் வரும் என்று கம்பெனி ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தது.

"அண்ணி," என்று காதருகே குனிந்தாள் வாலு. "இன்னும் ரெண்டு தடவை வந்தா நம்ம ஆபீஸ் காடாயிடும். இப்பவே மூணு கன்னு இருக்கு. ஒண்ணுக்கு நான் தண்ணி ஊத்தறேன். ஒண்ணுக்கு நீங்க ஊத்தறீங்க. மூணாவது நம்ம ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தே வாடிப்போச்சு."

"வாயை மூடு."

"மூடிடுவேன். தாகமா இருக்கு. வாசல்லயே என் தண்ணி பாட்டிலைப் பிடுங்கிட்டாங்க."

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு உள்ளே அனுமதி இல்லை. செல்போனுக்கும் இல்லை. வெளியாட்கள் இரண்டையும் வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

வாலு, அண்ணியின் கணவருக்குத் தங்கை. பார்த்த வேலையை எல்லாம் வாயாலேயே தொலைத்தவள். இனி யாரும் சேர்க்க மாட்டார்கள் என்றானதும் அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். மரம், மதில், தண்ணீர்த் தொட்டி என்று எதையும் விடாமல் ஏறியதால் சின்ன வயதில் வந்த பெயர் வாலு. அவள் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் வழக்கு கொண்டுவருகிற கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கி, கடைசியில் போலீஸ் இன்ஸ்பெக்டர்வரை அது பரவிவிட்டது. அலுவலகப் பலகையில் எழுதியிருக்கும் பெயர் யாருக்கும் நினைவில்லை.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் ஒரு நீச்சல் டீச்சர். இதுபோன்ற கம்பெனிகள் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று பார்த்துச் சான்று கொடுக்கிற அலுவலகம் ஒன்றில் அவள் கணவர் பரிசோதகர். இங்கே பின்பக்கக் கொட்டகையைச் சோதிக்க வந்த அன்று, மலைபோல் அடுக்கியிருந்த பாட்டில் கட்டுகளின் உச்சியிலிருந்து விழுந்தாராம். தலையில் அடி. மூன்று வாரமாகியும் கண் திறக்கவில்லை. 'யாரிடமும் சொல்லாமல் அவராக ஏறினார், வழுக்கிவிட்டது' என்றது கம்பெனி. சான்று அலுவலகமும் தலையை ஆட்டிவிட்டு, வேறு ஆளை அனுப்பிச் சான்றைப் புதுப்பிக்க நாள் குறித்துவிட்டது. அந்த நாள் நாளைக்கு.

"அவர் ஏறவே மாட்டார்," என்று முதல் சந்திப்பிலேயே அடித்துச் சொல்லியிருந்தாள் நீச்சல் டீச்சர். "நான் குளத்துல குதிக்கிற பலகை இருக்கே, அதோட முதல் படியில கால் வைக்க மாட்டார். நான் மேல ஏறினா முதுகைக் காட்டிக்கிட்டு, மடியில துண்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். எங்க வீட்டுல பல்பு மாத்தறதே நான்தான். அவரு போய் அந்த உசரத்துல..."

அண்ணி அந்த நூலைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் வந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டாள். விழுந்து கிடந்த இடத்தில் ஏணி இருந்ததா? இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டாள். கையில் கீறல், சிராய்ப்பு ஏதாவது? இல்லை, உள்ளங்கை சுத்தமாக இருந்தது. ஏணியும் இல்லை, கையால் பற்றி ஏறிய தடமும் இல்லை, ஏறுகிற சுபாவமும் இல்லை. ஆக, மனிதர் ஏறவேயில்லை. வேறெங்கோ வைத்து அடித்து இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

கேட்க அழகாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். "எதுக்கு அடிக்கணும் அண்ணி? எதை மறைக்கறதுக்கு? அதைக் கொண்டாங்க, அப்புறம் பேசுவோம்."

அங்கேதான் வழக்கு முட்டிக்கொண்டு நின்றது. மறைக்க ஒன்றுமே இல்லாத இடமாக அல்லவா இருக்கிறது!

கைவசம் இருந்த ஒரே பொருள், பரிசோதகரின் கால்சட்டைப் பையிலிருந்து நர்ஸ் எடுத்துக் கொடுத்த ஒரு நசுங்கிய காலி பாட்டில். குப்பையைக்கூடக் கீழே போட மாட்டார், தொட்டியைத் தேடிப் போடுவதற்காக வைத்திருந்திருப்பார் என்றாள் மனைவி. அதைக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்து, காவலர் கண்ணில் படாமல் இன்றைக்கு உள்ளே கொண்டுவந்திருந்தாள் அண்ணி. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

"மறுபடி வந்தீங்களா? ரொம்ப சந்தோஷம்!"

பசுமை மேடம் வந்துவிட்டாள். கம்பெனியின் சுற்றுச்சூழல் பிரிவுக்குத் தலைவி. ஊழியர்கள் வைத்த பெயர் அது. கையில் இரண்டு ஸ்டீல் டம்ளரில் தண்ணீர், முகத்தில் அந்தச் சிரிப்பு.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள் அண்ணி, டம்ளரை வாங்காமலே.

"நாலாவது தடவை கேக்கறீங்க. பதில் மாறாதுங்க. விருது விழாவுல மேடையில இருந்தேன். வீடியோ வேணுமா?"

"பார்த்தாச்சு."

"நல்லாப் பேசினீங்க மேடம்," என்று இரண்டு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்த வாலு சொன்னாள். "பூமித்தாய் அழறான்னு சொன்னீங்க பாருங்க, அந்த இடத்துல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அண்ணி பக்கத்துல வெங்காயம் நறுக்கிட்டிருந்தாங்க."

மேடத்தின் சிரிப்பு அசையவில்லை. "நாளைக்குச் சான்று புதுப்பிக்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி உங்க சந்தேகம் எல்லாத்தையும் தீர்த்துக்கோங்க. கொட்டகை திறந்துதான் இருக்கு. எனக்கு ஒரு மீட்டிங்." போகிற போக்கில் வரவேற்பாளரிடம் திரும்பினாள். "இவங்க கிளம்பறப்ப கன்னு மறக்காம கொடுத்துடுங்க."

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஒரு மூலையில் பாட்டில்களைத் தூளாக்கும் இயந்திரம் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மற்ற இடமெல்லாம் அமுக்கிக் கம்பி போட்டுக் கட்டிய பாட்டில் கட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரையைத் தொடுகிற வரைக்கும்.

கொட்டகை மேற்பார்வையாளர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நடு வயது, ஒட்டிய கன்னம். எதிரே நிற்பவரின் செருப்பைப் பார்த்தே பேசுகிற பழக்கம்.

"எப்படி ஏறினார்?"

"கட்டுக் கம்பியைப் பிடிச்சு ஏறினாருங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"ஏறுறப்ப பார்க்கலைங்க. விழுந்தப்புறம்தான் பார்த்தேன்."

"அப்ப கம்பியைப் பிடிச்சுத்தான் ஏறினார்னு எப்படித் தெரியும்?"

"வேற எப்படிங்க ஏற முடியும்?"

"அதோ அந்த ஏணி?"

பின்சுவரோடு ஓர் உயரமான அலுமினிய ஏணி சாய்த்து, சங்கிலி கோத்துப் பூட்டியிருந்தது.

"அது எப்பவும் பூட்டியேதாங்க இருக்கும். சாவி எங்கிட்ட இல்லை."

முந்தைய மூன்று முறையும் இதே கேள்விகள், இதே பதில்கள். எல்லாம் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி. அண்ணிக்கு உச்சந்தலைவரை ஏறியது. யாரை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த பாட்டில் கட்டை ஓங்கி ஒரு உதை விட்டாள். கட்டு அசையவில்லை. கால் கட்டைவிரல்தான் விண்ணென்று தெறித்தது.

"அண்ணி, அதுக்கு வாயில்லை. இருந்தா அதுவும் நமக்கு ஒரு மரக்கன்னு கொடுத்திருக்கும்," என்ற வாலு திடீரென்று ஒற்றைக் காலில் குதித்தாள். "ஐயோ, கடிச்சிடுச்சு! எறும்பு! விடாதே, நல்லாக் கடி. மூணு வாரமா இந்த இடத்துல நம்மகிட்ட மனசுல இருக்கறதைக் காட்டினது நீ ஒருத்திதான்!"

அண்ணி குனிந்து பார்த்தாள். உதை விழுந்த கட்டிலிருந்து எறும்புகள் கலைந்து ஓடிக்கொண்டிருந்தன. பாட்டில்களின் அடியில் ஒட்டிக் காய்ந்திருந்த பழச்சாற்றுக்கு வந்த கூட்டம். சுவர் வெடிப்பிலிருந்து சாரை சாரையாக வந்து, அடிக்கட்டில் ஏறி, அதற்கு மேலே இருந்த கட்டிலும் ஏறி, அங்கிருந்து அப்படியே திரும்பி இறங்கின.

அதற்கு மேல் ஒரு எறும்புகூடப் போகவில்லை.

அண்ணி நகர்ந்து அடுத்த வரிசையைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் ஆள் உயரத்துக்கு எறும்பு. அதற்கு மேலே சுத்தம்.

"சர்க்கரை டப்பாவைப் பரண்ல ஒளிச்சு வெச்சாக்கூடக் கண்டுபிடிச்சிடுமேடி இதுங்க," என்றாள் மெதுவாக. "இங்க ஏன் பாதியில திரும்புது?"

"முட்டி வலியோ என்னவோ."

அண்ணி கீழ்க்கட்டின் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். கிழிந்த லேபிள், அழுக்கு, மண். உடம்பு சப்பையாக நசுங்கியிருந்தாலும் கழுத்து மட்டும் முழுசாக இருந்தது. ஒவ்வொரு கழுத்திலும் ஒரு சின்ன வளையம், நீலம், வெள்ளை, சிவப்பு என்று. அவள் கைப்பையைத் திறந்து, பரிசோதகரின் பாட்டிலை எடுத்தாள். அதன் கழுத்து மொழுமொழுவென்று இருந்தது.

"வாலு, இதுல வளையம் எங்கே?"

"எந்த வளையம்?"

"புது பாட்டிலைத் திருகினா டக்குனு ஒரு சத்தம் வருமில்ல? மூடி கையோட வந்துடும். அதுல ஒட்டியிருந்த வளையம் கழுத்தோட தங்கிடும். ஒரு தடவை திறந்த பாட்டில் எல்லாத்துலயும் இருக்கும்."

வாலு பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இதை யாரும் திறக்கலை."

"திறக்கலைன்னா மூடி இருக்கணும்."

"மூடியும் இல்லை, வளையமும் இல்லை..." வாலுவின் குரலில் விளையாட்டு குறைந்தது. "இதுக்கு யாரும் மூடியே போடலை. அண்ணி, இதுக்குள்ள தண்ணியே ஊத்தலை!"

"மேல ஏறிப் பாரு."

சொல்லி முடிப்பதற்குள் வாலு கம்பியைப் பிடித்துத் தொற்றிவிட்டாள். மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "வேணாங்கம்மா! இறங்கச் சொல்லுங்க! யாரும் ஏறக்கூடாதுங்க!" வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு கத்தினார்.

உச்சியிலிருந்து ஒரு பாட்டில் வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னும் ஒன்று. எல்லாம் மொழுமொழு கழுத்து. "ஒண்ணுத்துலயும் லேபிள் இல்லை அண்ணி!" என்று கூரையடியிலிருந்து கூவினாள் வாலு. "மோந்து பார்த்தேன். புதுச் செருப்புக் கடை வாசனை!"

கண்ணுக்கு எட்டுகிற உயரம்வரை குப்பை. அதற்கு மேலே, பாட்டில் செய்யும் ஆலையிலிருந்து நேராக வந்து நசுங்கிய புத்தம்புது பாட்டில்கள். குப்பையைத் துணியாக்குகிறோம் என்று சொல்வதற்காகப் புதுசைக் குப்பையாக்கியிருக்கிறார்கள்! இன்ஸ்பெக்டர் கேட்ட பதில் கிடைத்துவிட்டது. அண்ணிக்கு வந்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிலைக்கவில்லை.

இந்தப் பாட்டில் பரிசோதகரின் பையில் இருந்தது. இது உச்சியில் மட்டும்தான் கிடைக்கும். அப்படியென்றால், அவர் ஏறியிருக்கிறார்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'அவர் ஏறவே இல்லை' என்ற ஒற்றைக் காலில்தானே அவளுடைய மொத்த வழக்கும் நின்றது! மூன்று வாரமாக அதைச் சுமந்துகொண்டு எத்தனை படி ஏறி இறங்கியாயிற்று! கடைசியில் கம்பெனி சொன்னதுதான் நிஜமா? அவராக ஏறினார், வழுக்கினார், அவ்வளவுதானா?

"அண்ணி..."

மேலேயிருந்து வந்த குரல் வாலுவுடையது மாதிரியே இல்லை.

"கம்பி கையைக் கிழிச்சிடுச்சு அண்ணி. பிடிக்க முடியலை. ஏறறப்ப ஒண்ணும் தெரியலை, கீழ பார்த்தா தலையைச் சுத்துது. நான் விளையாடலை, சத்தியமா. என்னால இறங்க முடியாது."

அவள் காலடியில் ஒரு கட்டு லேசாக ஆடியது. அண்ணி எழுந்து கையை நீட்டினாள். எட்டுகிற உயரமா அது?

மேற்பார்வையாளர்தான் ஓடினார். துண்டு கழுத்திலிருந்து நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை உருவினார். பூட்டைத் திறந்து, சங்கிலியைப் பிடுங்கி எறிந்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து சாத்தினார். "பிடிச்சிருக்கேன்மா! அசையாது! ஒவ்வொரு படியா கால் வைம்மா! மெதுவா, மெதுவா!" வாலுவின் கால் தரையைத் தொட்ட பிறகும் அவர் ஏணியை விடவில்லை.

அண்ணி வாலுவின் உள்ளங்கைகளைப் பிரித்துப் பார்த்தாள். கோடு கோடாக ரத்தம். கம்பியைப் பிடித்து ஏறினால் கை இப்படித்தான் ஆகும். பரிசோதகரின் கை சுத்தமாக இருந்தது. அவர் ஏறியது இந்த ஏணியில். விழுந்து கிடந்தபோது ஏணி அங்கே இல்லை.

இல்லாத சாவி இப்போது பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கும் இப்படி ஓடி வந்திருக்கலாமே," என்றாள் அண்ணி.

அந்த மனிதர் ஏணியின் காலைப் பிடித்தபடியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் தள்ளலைங்க. என் பிள்ளைங்க மேல சத்தியமா தள்ளலை. ஏணியைத்தான் எடுத்தேன்."

"யார் சொல்லி?"

"மேடம். அப்பல்லாம் ஏணியைப் பூட்டறதில்லைங்க. நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்துல அவரா ஏணியைச் சாத்தி ஏறிட்டாரு. வந்து பார்க்கறேன், உச்சியில நின்னு பாட்டிலைப் பார்த்துட்டு இருக்காரு. மேடத்துக்குப் போன் பண்ணினேன். ஏணியை எடுத்துடு, நான் வந்து பேசிக்கறேன், அரை மணி நேரம்னாங்க. விழாவுல இருந்தாங்க போல. வரவே இல்லைங்க. திரும்பத் திரும்பப் பண்ணினேன், எடுக்கலை. ஒரே ஒரு தடவை எடுத்தாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு சான்று எழுதித் தர்றதா ஒத்துக்கிட்டா ஏணியைப் போடுன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க."

"அவர் கத்தலையா?"

"இந்த மிஷின் சத்தத்துல யாருக்குங்க கேக்கும்? அவரு போனும் வாசல்ல இருக்கு. மொதல்ல கத்தினாரு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, கட்டைக் கட்டிப்பிடிச்சுக் குப்புறப் படுத்துக்கிட்டாரு. கூரை நெருப்பாக் கொதிக்குது. நான் கீழ இருந்து, ஒத்துக்கிறீங்களா சார், ஒத்துக்கிறீங்களா சார்னு கேட்டுக்கிட்டே இருந்தேங்க. கண்ணைத் திறக்காமயே மாட்டேன்னு தலையை ஆட்டினாரு." அவர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் ஆட்டினாருங்க. மயக்கம் வந்து உருண்டுட்டாரு."

வாலு, கையிலிருந்து ரத்தம் சொட்டுவதுகூடத் தெரியாமல் அந்த உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீட்டிங்கிலிருந்து வரவழைத்த பசுமை மேடம், சாத்திய ஏணியையும் கீழே கிடந்த பாட்டில்களையும் பார்த்தாள். அப்போதுதான் அந்தச் சிரிப்பு முதல்முறையாக மறைந்தது.

"விழுவார்னு நான் நினைக்கலை. போய்ப் பேசினா சமாதானம் ஆயிடுவார்னு நினைச்சேன். மேடையில வரிசையா கூப்பிட்டுட்டே இருந்தாங்க, நடுவுல எழுந்து வர முடியலை. வருஷக் கடைசின்னு உலகத்துக்கே சொல்லிட்டோம். எங்கெங்கேயோ தேடினோம். குப்பை பத்தலை."

"எங்க தெருப் பக்கம் வந்திருக்கலாமே மேடம்," என்றாள் வாலு. அதில் சிரிப்பு இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மோவாயைச் சொறிந்தார். கொட்டகைக்கு சீல் வைக்கச் சொன்னார். சான்று அலுவலகத்துக்குப் போன் போட்டு நாளைய விஜயத்தை நிறுத்தச் சொன்னார். அதற்குமேல் போகத் தயங்கினார்.

"பாட்டில் விஷயம் மோசடி, சரி. ஆனா அந்த ஆளு விழுந்ததுக்கு... யாரும் தள்ளலையே அண்ணி. ஏணியை எடுத்தாங்க. ஏணியை எடுக்கறதுக்கு நான் என்ன கேஸ் போடறது?"

அண்ணிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இத்தனைக்கும் பிறகு இங்கே வந்தா முட்ட வேண்டும்?

வாலு நடுவில் புகுந்தாள். "சார், நீங்க மொட்டை மாடியில நிக்கறீங்க. உங்க வீட்டம்மா படிக்கட்டுக் கதவைச் சாத்திப் பூட்டிட்டாங்க. அதுக்கு என்ன பேரு?"

"எங்க வீட்டுல அதுக்குப் பேரு ஞாயித்துக்கிழமை."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் போனார். சிரிக்கவில்லை. ஏணியைப் பார்த்தார். உச்சியைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அடைச்சு வெச்சிருக்காங்க," என்றார். "கதவு இல்லாம அடைச்சு வெச்சிருக்காங்க." பசுமை மேடத்தின் பக்கம் திரும்பினார். "வண்டியில ஏறுங்கம்மா."

இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வாலுவின் இரண்டு கையிலும் கட்டு.

"ஜெயிச்சுட்டோமில்ல அண்ணி?" என்றாள் பாதி வழியில்.

"மூணு வாரமா அந்தப் பொண்ணுகிட்ட, உங்க வீட்டுக்காரர் ஏறலை, ஏறலைன்னு சொல்லிட்டிருந்தேன்டி. இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போய் மாத்திச் சொல்றது?"

நீச்சல் டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி கணவரின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை, எப்போது கண் திறப்பார் என்றுதான் சொல்ல முடியாது என்று டாக்டர் காலையில் சொன்னாராம். அண்ணி உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. ஏணி, வெயில், மேலே படுத்துக்கொண்டு தலையை ஆட்டியது, எல்லாம்.

"அவரா?" என்றாள் நீச்சல் டீச்சர். "அவராவா ஏறினார்?"

"ஆமாம்மா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"யாரும் ஏறச் சொல்லலையா? மிரட்டலையா?"

"இல்லை. கீழ இருந்தா தெரியாதுன்னு அவராத்தான் ஏறியிருக்கார்."

அவள் நகவெட்டியைக் கீழே வைத்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அறையில் வேறு ஆட்கள் இருப்பதையே மறந்தவளாக, வீட்டில் திட்டுகிற குரலில் திட்ட ஆரம்பித்தாள்.

"யாரைக் கேட்டு ஏறினீங்க? ஒரு வார்த்தை சொன்னா நான் வந்து ஏறியிருக்க மாட்டேனா? அவ்வளவு நேரமும் மேல கிடந்தீங்களாமே. ஒத்துக்கறேன்னு ஒரு பொய்யாவது சொல்லிட்டு இறங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

வாலு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திட்டு மெல்ல மெல்லத் தேய்ந்தது. நீச்சல் டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"சரி, ஏறினது ஏறியாச்சு," என்றாள். "போதும், இறங்கி வாங்க."